பொடக்காலிக் கதவு

கடுகு வெடித்து அடங்குவதற்கும் கறிவேப்பிலை எண்ணெயில் விழுவதற்கும் நடுவில், மிஞ்சிப் போனால் பத்து நொடி. பழைய அடுப்படியில் அந்தப் பத்து நொடி எனக்குத் தாராளம். கரண்டியை வைத்துவிட்டுப் பின்கதவைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் மரம். ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு திரும்பும்போது உளுந்து அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருக்கும்.

புதுச் சமையலறையில் சமைத்த முதல் வாரம், அதே பழக்கத்தில் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். எதிரே ஏழடி உயரத்தில் அலமாரி நின்றது. கைபட்டதும் கதவு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே ராகி மாவு டப்பா, சேமியா, போன தீபாவளிக்கு வந்த காலி ஸ்வீட் பெட்டிகள். பின்கதவு இருந்த இடம் அது. அதை அடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

சாப்பாட்டு அறை, குளியலறைச் சந்து, வாஷிங் மெஷின், பக்கவாட்டுக் கதவு, அப்புறம் வீட்டைச் சுற்றிக்கொண்டு மரம். 31 எட்டு. எண்ணிப் பார்த்தேன். திரும்பி வந்தபோது உளுந்து கரியாகியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து கறிவேப்பிலையைக் காய்க்காரரிடம் வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்க ஆரம்பித்தேன், வீட்டில் மரத்தை வைத்துக்கொண்டு.

வீடு கோவையில், பேரூர் ரோட்டுப் பக்கம். மாமனார் எண்பதுகளில் கட்டியது. கிழக்குப் பார்த்த வாசல், சமையலறை வடமேற்கில். வாயு மூலை என்பார்கள். கொங்குப் பக்கம் வீட்டுப் பின்புறத்தைப் பொடக்காலி என்போம். அதற்குப் போகிற கதவு சமையலறையின் மேற்குச் சுவரில் இருந்தது. கதவை ஒட்டிப் பாத்திரம் கழுவும் தொட்டி. கழுவின தண்ணீர் சுவரில் ஒரு துளை வழியாக வெளியே சலதாரையில் விழுந்து, பத்தடி ஓடி, மூலையில் இருந்த நான்கு வாழைக்குப் போகும். அரிசி களைந்த தண்ணீரும் அதே வழி. காய்த்தோல் வாளியும் அதே கதவு வழிதான் போகும். பாட்டிக் காலத்து அம்மி கதவுக்கு வெளியே, நிழலில்.

மராமத்து என்று முடிவானதும் இரண்டு பேரிடம் விலைப்புள்ளி வாங்கினோம். சமையலறைக்கு ஒருவர், 4,85,000 ரூபாய். தோட்டத்துக்கு ஒருவர், 1,40,000. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒருவரை ஒருவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒருவர் வரைந்த படம் மேற்குச் சுவரோடு முடிந்தது. இன்னொருவர் வரைந்த படம் அதே சுவரில் தொடங்கியது. சுவரில் இருந்த கதவு இரண்டு படத்திலும் இல்லை.

கதவை அடைத்தால் மேடை மூன்று பக்கமும் வரும், ஐந்தடி கூடுதலாகக் கிடைக்கும், உயரமான அலமாரி ஒன்று வைக்கலாம் என்றார்கள். கம்ப்யூட்டரில் காட்டிய படத்தில் மேடைமேல் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழமும், கண்ணாடிக் குவளையில் ஒரு செடியும் இருந்தன. கிரைண்டர் இல்லை, எண்ணெய்த் தூக்கு இல்லை, சோறு வடிக்கிற தட்டு இல்லை. எனக்கே அந்தப் படத்தில் குடியேறிவிடத் தோன்றியது. அத்தை மட்டும் ஒன்று கேட்டார்: “கேஸ் சிலிண்டர் எப்படிக் கண்ணு உள்ள வரும்?” முன்வாசல் வழியாகத்தான் என்றோம். அவர் அதற்கு மேல் பேசவில்லை. நிரம்பிய சிலிண்டர் உள்ளே 14.2 கிலோ எரிவாயு, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம். அதை உருட்டிக்கொண்டு வருகிறவர் ஹால் முழுக்கப் புது டைல்ஸ் மேல் உருட்டி வருவதைப் பார்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது மாதம் ஒரு சடங்காகிவிட்டது.

நல்லது நிறைய நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய மேடை 30 அங்குல உயரம். இருபது வருடம் குனிந்து குனிந்தே எனக்கு இடுப்பு போயிருந்தது. இப்போது 34 அங்குலம். ஒரு மாதத்தில் சாயங்காலத் தைலம் நின்றது. கீழ் அலமாரிகளுக்குப் பதிலாக இழுப்பறை வைத்தது இந்த வேலையிலேயே மிகச் சரியான முடிவு. முன்பெல்லாம் கடைசியில் இருக்கிற குக்கரை எடுக்கத் தரையில் உட்கார்ந்து தலையை உள்ளே விட வேண்டும். இப்போது இழுத்தால் எல்லாம் முன்னால் வந்து நிற்கிறது. யாராவது யோசனை கேட்டால், சிம்னியில் மிச்சம் பிடித்தாவது இழுப்பறைக்குச் செலவு பண்ணுங்கள் என்பேன்.

கல்லிலும் தப்பித்தோம். வெள்ளை குவார்ட்ஸ்தான் போடுவதாக இருந்தது. அத்தை மாதிரிக் கல்லைக் கையில் வாங்கி, கொஞ்சம் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவி, ராத்திரி முழுக்க வைத்துவிட்டார். காலையில் தேய்த்தும் போகாத ஒரு மஞ்சள் வட்டம். குவார்ட்ஸ் என்பது கல்தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்ப்பது. மஞ்சள் கறை படியும், அடுப்பிலிருந்து இறக்கின வாணலியை அப்படியே வைத்தால் பிசின் பழுத்துத் தழும்பு விழும். கறுப்பு கிரானைட் போட்டோம். பழைய கடப்பாக் கல் பலகைகளை உடைத்துக் கொட்டப் போனவர்களைத் தடுத்து, முழுசாக இருந்த மூன்றை மட்டும் பின்னால் சாத்தி வைத்தார் அத்தை. எதற்கென்று அப்போது கேட்கவில்லை.

அவருக்கு உயரம் நாலடி பத்தங்குலம். எனக்கு இடுப்பு வலி போன மேடையில் அவருக்குத் தோள்வலி வந்தது. சப்பாத்தி தேய்க்கக் குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டியிருந்தது. ஒரு மேடைக்கு ஒரு உயரம்தான் என்று யார் சொன்னது? ஒரு பக்கத்தை மட்டும் 30 அங்குலத்தில் விட்டிருந்தால் காசும் கூடியிருக்காது. யாருக்கும் தோன்றவில்லை. இந்த வீட்டில் எத்தனை பேர் சமைக்கிறீர்கள் என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.

மூன்றாம் மாதம் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தால், பொடக்காலியில் தகரக் கொட்டகைக்குக் கீழே ஹாலோ பிளாக் நான்கை அடுக்கி, கடப்பாக் கல்லைக் குறுக்கே போட்டு, பழைய ஒற்றை அடுப்பை வைத்து அத்தை கடலைப் பருப்புப் போளிக்குப் பூரணம் கிளறிக்கொண்டிருக்கிறார். உயரம் 28 அங்குலம் இருக்கும். பக்கத்தில் அம்மி. அந்த அம்மியைப் பழைய சாமான்காரர்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதால்தான் அது மிஞ்சியது. “உள்ள வேகுது கண்ணு, இங்க காத்தோட்டமா இருக்குது” என்றார். அதற்கப்புறம் நாட்டுக்கோழி, கருவாடு, வடை சுடுவது எல்லாம் வெளியே போயின. ஐந்து லட்சம் ரூபாய் சமையலறையில் டீ போட்டோம்.

உள்ளே வெந்தது உண்மை. கோவைக்காரர்களுக்கு ஆடிக் காற்றைச் சொல்லத் தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைந்து நம் ஊர்மேல் வந்து விழுகிறது. ஆனியிலிருந்து ஆவணி வரை பின்கதவைத் திறந்தால் போதும், அடுப்புப் பக்கம் வியர்வையே இருக்காது. வாயு மூலையில் வாயு வருகிற வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, 18,000 ரூபாய்க்கு சிம்னி வாங்கி மாட்டியிருந்தோம்.

சிம்னியும் சரியாக இழுக்கவில்லை. சர்வீஸ் பையன் இரண்டு தடவை வந்து வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காட்டினான். மூன்றாவது தடவை வந்தவர் கொஞ்சம் வயதானவர். ஜன்னலைத் திறக்கச் சொன்னார், ஒரு டிஷ்யூ தாளைச் சிம்னிக்குக் கீழே பிடித்தார். தாள் ஒட்டிக்கொண்டது. ஜன்னலைச் சாத்தினார், தாள் விழுந்தது. “உள்ள வர்ற காத்துதானுங்க வெளிய போகும்” என்றார். சிம்னி ஒரு அறையிலிருந்து காற்றைத் தள்ள வேண்டுமென்றால், அந்த அளவுக்குக் காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். தொட்டிக்கு மேலே இருக்கிற ஒன்றரையடி ஜன்னல் போதவில்லை. மின்விசிறி போட்டால் அடுப்புச் சுடர் ஆடியது.

அடுத்தது வாழை. புதுத் தொட்டியை வடக்குச் சுவருக்கு மாற்றி, கழிவுநீரை வீட்டோரமாகக் குழாயில் கொண்டுபோய்த் தெருப் பாதாளச் சாக்கடையில் சேர்த்திருந்தார்கள். சுத்தமான வேலை, ஒரு சொட்டு வெளியே தெரியாது. சலதாரையை மூடி அதன்மேல் கூழாங்கல் பரப்பியிருந்தார் தோட்டக்காரர். வாழை மூலைக்குச் சொட்டுநீர்க் குழாய் இழுத்துவிட்டார், ஒரு மரத்துக்கு ஒரு சொட்டுவான். அதுவரை அந்த மூலைக்கு நாளைக்கு நூறு லிட்டருக்குக் குறையாமல் போயிருக்கும். நாங்கள் அதை ஒருநாளும் தண்ணீர் பாய்ச்சுவது என்று நினைத்ததே இல்லை. பாத்திரம் கழுவினோம், அவ்வளவுதான்.

முதலில் இலையின் ஓரம் காய்ந்தது. அப்புறம் இலை அகலம் குறைந்தது. விருந்தாளி வந்தால் நான்கு இலை நறுக்கிப் போடுகிற வீட்டில், நுனி இலைக்குக் கடைக்கு ஆள் அனுப்பினோம். கார்த்திகையில் வந்த பூவன் தாரில் மொத்தம் நான்கு சீப்பு. முந்தின வருடம் ஒன்பது. அத்தை அந்தத் தாரை வெட்டி வந்து மேடையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால் தேவலை.

தோட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். மெக்சிகன் புல் கேட்டது நான்தான். வந்து இறங்கின அன்றைக்குப் பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தது. பொடக்காலியில் 400 சதுர அடிக்கு சிமெண்ட் பேவர் பிளாக், நடுவில் புல், ஓரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை, குடிக்கவும் சமைக்கவும். மீதிக்கெல்லாம் போர் தண்ணீர், அதில் உப்பு லிட்டருக்கு 1,350 மில்லிகிராம் காட்டுகிறது மீட்டர். ஆர்.ஓ. மெஷின் கழித்து விடுகிற தண்ணீரை வீணாக்காமல் புல்லுக்குத் திருப்பிவிடலாம் என்று எங்க வீட்டுக்காரர் ஒரு குழாயைச் செருகினார். நல்ல எண்ணம். ஆர்.ஓ. செய்கிற வேலையே உப்பைப் பிரித்து இந்தப் பக்கம் தள்ளுவதுதான் என்பது புல் பழுத்த பிறகு உறைத்தது. அளந்தால் 2,100. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500-ஐ விரும்பத்தக்க அளவு என்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. எங்கள் புல்லுக்கு அதற்கும் மேல். இப்போது அந்தத் தண்ணீரில் வாசல் கழுவுகிறோம், கழிவறைக்கு ஊற்றுகிறோம். செடிப் பக்கம் விடுவதில்லை.

பெஞ்சில் மொத்தம் ஐந்து முறை உட்கார்ந்திருப்பேன். தென்னை மரத்துக்கு அடியில் போட்டோம். 2016-இல் நம் நாட்டில் முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பக்கம் கண்டுபிடித்தார்களே, சுருள் வெள்ளை ஈ, அது எங்கள் மரத்துக்கும் வந்துவிட்டது. ஓலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு சுருள்சுருளாக ஒட்டியிருக்கும். அது சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி ஒன்றைச் சொட்டும், அந்தப் பிசுக்கில் கரும்பூசணம் படரும். முன்பு மண் தரையாக இருந்தபோது அது எங்கே விழுந்தது என்றே தெரியாது. இப்போது சாம்பல் நிறப் பேவரில் கறுப்பு வட்டமாக, பெஞ்சில் ஒட்டும் பசையாக நிற்கிறது. மருந்து அடிக்க வேண்டாம், இதைத் தின்கிற குளவியும் பொறிவண்டும் செத்துப்போகும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி ஓலையைக் கழுவுங்கள் என்றார்கள். கழுவுகிறோம். அந்தத் தண்ணீரும் பெஞ்சுமேல்தான் விழுகிறது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டியது. பதினொரு மணிக்கு வாஷிங் மெஷின் சந்தில் தண்ணீர். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் பொடக்காலி குளமாக நிற்கிறது, பெஞ்சின் கால் தெரியவில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது மாமனார் வெட்டின குழி ஒன்று உண்டு. மூன்றடி அகலம், ஆறடி ஆழம், உள்ளே உடைந்த செங்கல், ஜல்லி, மேலே மணல். மொட்டைமாடிக் குழாயும் அதில்தான் இறங்குகிறது. வருடா வருடம் புரட்டாசியில் மூடியைத் திறந்து சருகையும் வண்டலையும் அள்ளுவார். அவர் போன பிறகு அதை நாங்கள் செய்துகொண்டிருந்தோம், பேவர் போடும் வரைக்கும். பேவர்காரர் மூடியையும் சேர்த்துத் தளம் போட்டுவிட்டார். நாங்களும் கவனிக்கவில்லை.

எங்க வீட்டுக்காரர் கடப்பாரையோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார், எங்கே குத்துவதென்று தெரியவில்லை. 400 சதுர அடியும் ஒரே மாதிரிக் கட்டம். “துணி தொவைக்கிற கல்லுக்கும் தென்னைக்கும் நடுவால” என்றார் அத்தை, கதவில் நின்றுகொண்டு. துணி துவைக்கிற கல்லைத்தான் பெயர்த்து எறிந்தாகிவிட்டதே. அப்புறம் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அடைத்த கதவு இருந்த இடத்தில் சுவரில் முதுகை வைத்து நின்றார். அங்கிருந்து அடிமேல் அடி வைத்து எண்ணினார். பதினேழாவது அடியில் நின்று, “இங்க குத்து தம்பி” என்றார். மூன்றாவது குத்தில் கல் பெயர்ந்தது, நான்கு கல்லைப் பெயர்த்ததும் மூடியின் இரும்பு வளையம் கையில் பட்டது. திறந்ததும் சருகு கட்டி நின்றதைக் கையால் அள்ளி எறிந்தோம். கொடகொடவென்று ஒரு சத்தம். அரைமணி நேரத்தில் பெஞ்சின் கால் தெரிந்தது.

காலையில் வெளியே கிடந்த வாளியில் நான்கு விரற்கடைத் தண்ணீர், ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 400 சதுர அடித் தரையில் 370 லிட்டர், 900 சதுர அடி மொட்டைமாடியில் 830. ஏழு என்றால் எட்டாயிரம் லிட்டருக்கு மேல். தண்ணீர் லாரிக்காரர் அதே அளவுக்கு என்ன கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல் முறையாக மூன்று பேரும் அந்த இரண்டு படங்களையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சுவரில் அத்தை முதுகு வைத்த இடத்தில் ஒரு பேனாக் கோடு போட்டார் எங்க வீட்டுக்காரர்.

தை பிறந்ததும் மேஸ்திரி வந்தார். பழைய மேஸ்திரி, மாமனார் காலத்து ஆள். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நிலவு அப்படியே உள்ளதானுங்க இருக்குது, எடுக்காம வெச்சுக் கட்டியிருக்கறாங்க” என்றார். தேக்கு நிலவை, அதாவது கதவு நிலையை, பெயர்க்கச் சோம்பல்பட்டு அப்படியே செங்கல் அடைத்திருந்தார்கள். எங்களுக்கு அது லாபமாகப் போயிற்று. பழைய கதவும் மாடி அறையில் சாத்திக் கிடந்தது. கிரானைட்டில் இரண்டேமுக்கால் அடி அறுக்க வேண்டும். அறுத்த அன்று வீடு முழுக்கக் கறுப்பு மாவு. பூஜை அறை விளக்கில், சாத்தி வைத்த பீரோவுக்குள்ளே, என் காதுக்குள்ளே. மூன்று இழுப்பறையும் உயர அலமாரியும் போயின. அலமாரியைத் தூக்கிச் சாப்பாட்டு அறையில் வைத்தோம். மொத்தச் செலவு 31,000. அடைக்க ஆன செலவைவிடத் திறக்க ஆனது அதிகம்.

அலமாரியை நகர்த்தும்போது இன்னொன்றும் தெரிந்தது. தொட்டிக்குக் கீழே இருந்த பலகை ஓரம் ஊதி, லேமினேட் பிளந்திருந்தது. விலைப்புள்ளியில் தண்ணீர் படுகிற இடத்துக்கெல்லாம் செவன் டென் ப்ளை என்று எழுதியிருந்தது. ஆசாரி ஒரு சில்லைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். மதியத்துக்குள் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. 710 என்றால் கொதிக்க வைத்தாலும் பிரியக் கூடாது. போட்டுக் கொடுத்தவர்களிடம் பேசினோம், பேசிக்கொண்டே இருக்கிறோம். அந்த இடத்தில் இப்போது பலகையே இல்லை, அத்தை சாத்தி வைத்த கடப்பாக் கல் இரண்டாவது நிற்கிறது.

தொட்டியைப் பற்றிச் சொல்லவில்லையே. இரட்டைத் தொட்டி. இரண்டிலும் எங்கள் குழம்புப் போசி நுழையாது. வலது பக்கத்தில் சாய்த்துப் பிடித்துக் கழுவுவோம், இடது பக்கம் சும்மா கிடக்கும். பிளம்பர் தம்பிதான் சொன்னார்: “அக்கா, ரெண்டுக்கும் வாய் தனித்தனியாத்தானே இருக்குது, ஒன்னைப் பிரிச்சு உட்டுரலாமுங்க.” சோப்புப் போடுகிற வலது தொட்டி வழக்கம்போலப் பாதாளச் சாக்கடைக்கு. இடது தொட்டியில் அரிசி, பருப்பு, காய், கீரை கழுவுவது மட்டும். அதற்கு ஒன்றரை அங்குலக் குழாயில் 14 அடி, அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்து, வாழை மூலைக்கு. முடிகிற இடத்தில் வாளி அளவுக்கு ஒரு குழி, ஜல்லி போட்டு. தண்ணீர் தேங்கினால் கொசு வரும், ஒரே நாளில் நாற்றம் எடுக்கும், அதனால் தொட்டி எதுவும் கட்ட வேண்டாம், விழுந்ததும் மண்ணுக்குள் போகட்டும் என்றார். கூழாங்கல்லை அள்ளிப் பார்த்தபோது பழைய சலதாரை அப்படியே கீழே இருந்தது. குழாய் அதற்குள்ளேயே படுத்துக்கொண்டது.

இடது தொட்டியில் சோப்புப் போடக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். வாரம் ஒருமுறை யாராவது மீறுகிறோம். பெரும்பாலும் நான்தான், காபி டம்ளரை அலசுகிற அவசரத்தில். வாழை பொறுத்துக்கொள்கிறது. பக்கக்கன்று இரண்டு எழும்பி, இலை பழைய அகலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. தார் போட்ட பிறகுதான் சரியாகச் சொல்ல முடியும்.

புல்லில் பாதியைச் சுருட்டி எடுத்துவிட்டு அரைக்கீரை விதைத்தோம், ஓரத்தில் கத்தரி. மீதிப் பாதி எனக்காக விட்டிருக்கிறார்கள். குழி மூடியைச் சுற்றிப் பேவர் பதிக்கவில்லை, மண்ணாகவே விட்டாயிற்று. அறுத்தெடுத்த கிரானைட் துண்டு கதவுக்கு வெளியே, செங்கல் வைத்து 28 அங்குல உயரத்தில், அத்தையின் மேடை. பளபளவென்று அதில் முருங்கைக்கீரை உருவுகிறார். ஒற்றை அடுப்பும் அங்கேயே இருக்கிறது, அது உள்ளே வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிம்னி இழுக்கிறது. காய்க்காரரிடம் கறிவேப்பிலை வேண்டாம் என்று சொன்னால், கொத்தமல்லியோடு சேர்த்துக் கொசுறாகப் போட்டுவிட்டுத்தான் போகிறார்.

மரத்துக்கு இப்போது மூன்று எட்டு. மேடையைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் ஒன்று கூடிவிட்டது.

ஒரே தொந்தரவு, ஆடிக் காற்றில் கதவு படாரென்று அடித்துக்கொள்கிறது. காந்தம் வைத்த தடுப்பான் ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம், ஒரு வாரம் தாங்கியது. ஆசாரி வந்து கொக்கி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அம்மிக் குழவியை அண்டக்கொடுத்து வைத்திருக்கிறோம். சட்னி அரைக்கும்போது மட்டும் யாராவது கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.